அமெரிக்கா குயினை எப்போது கைவிட்டது? 1974 முதல் 1984 வரை, ரசிகர்கள் பக்கத்திலிருந்து

#1 இசைத்தட்டு

ஆங்கில ராக் குழு குயின் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே கதைதான். 1984இல் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ' வீடியோவில் நாலு பேரும் பெண் வேடம் போட்டார்கள், அமெரிக்கர்கள் முகம் சுளித்தார்கள், அத்தோடு அந்த நாட்டில் அவர்கள் கதை முடிந்தது. குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மேயே பேட்டிகளில் இப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

எனக்குத் தேதிகள் ஒத்துவரவில்லை. 1980இல் ஒரே வருடத்தில் இரண்டு பாட்டுகள் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம், 'தி கேம்' ஆல்பமும் முதலிடம். அடுத்த வருடக் கடைசியில் டேவிட் போவியோடு சேர்ந்து 'அண்டர் பிரஷர்' வருகிறது. இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் 29. போவியும் குயின் பாடகர் ஃபிரெடி மெர்குரியும் சேர்ந்து பாடிய பாட்டுக்கு 29! 1982இல் 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பம் 22ஆவது இடத்தோடு நின்றது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் நடந்ததுதான் ஃபிரெடி மெர்குரி அமெரிக்காவில் பாடிய கடைசிக் கச்சேரி. வீடியோ வருவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

அதனால் இந்த இழையில் குழுவை விட ரசிகர்களைப் பற்றிப் பேசலாம் என்று ஆசை. அமெரிக்காவில் யார் இவர்களை நேசித்தார்கள், எதற்காக நேசித்தார்கள், எந்தக் கட்டத்தில் விலகினார்கள்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 மேடை_ஒளி

நல்ல கேள்வி. ஆனால் வீடியோவை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள்.

1984 தொடக்கத்தில் 'ரேடியோ கா கா' அமெரிக்காவில் 16ஆவது இடம் வரை ஏறியது. புது இசைத்தட்டுக் கம்பெனி, கேபிடல். குழு திரும்ப எழுந்து வருகிற அறிகுறிகள் எல்லாம் இருந்தன. அதற்கு அடுத்த பாட்டுதான் இது. இங்கிலாந்தில் 3, அமெரிக்காவில் 45. ஒரே ஆல்பம், அடுத்தடுத்த இரண்டு பாட்டு. நடுவில் மாறியது என்ன?

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். மெர்குரி இளஞ்சிவப்பு மேல்சட்டையும் கருப்புத் தோல் பாவாடையும் போட்டுக்கொண்டு வாக்குவம் கிளீனரால் வீடு பெருக்குகிறார், மீசையை எடுக்காமல். மே தலையில் சுருள் மாட்டிய இல்லத்தரசி. டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் டெய்லர் பள்ளிச் சீருடையில் மாணவி. பாஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் பாட்டி. இங்கிலாந்துக்காரர்களுக்கு இது 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் கிண்டல் என்று பார்த்த உடனே தெரியும். பெண் வேட நகைச்சுவை அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற விஷயம். ஓஹையோவில் இருக்கிற பதினாறு வயதுப் பையனுக்கு அந்தத் தொடர் எப்படித் தெரியும்? அவனுக்குப் பிடித்த ராக் பாடகர் பாவாடையோடு நிற்பது மட்டும்தான் தெரியும். குழுவை வெறுக்க அவனுக்குக் காரணம் தேவையில்லை, நண்பர்கள் முன்னால் அதைக் கேட்கக் கூச்சப்பட்டால் போதும்.

#3 பழைய_ரெக்கார்டு

இரண்டு பேரும் நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான் முதலிலிருந்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

குயின் அமெரிக்காவில் முதலில் கால் வைத்தது 1974 ஏப்ரலில், மாட் தி ஹூப்பிள் குழுவுக்குத் துணைக் குழுவாக. அப்போது அங்கே இவர்களை யாருக்கும் தெரியாது. முதல் ஆல்பம் 83ஆவது இடம், இரண்டாவது 49. மெர்குரி ஒரு கையில் மட்டும் நகங்களுக்குக் கருப்புப் பூச்சு பூசிக்கொண்டு, சாண்ட்ரா ரோட்ஸ் தைத்துக் கொடுத்த வெள்ளை மடிப்புச் சட்டையில், சிறகு விரிக்கிற மாதிரி கைகளைத் தூக்கி நிற்பார். பார்க்க வந்தவர்கள் மாட் தி ஹூப்பிள் ரசிகர்கள், மினுக்கு உடையும் ஒப்பனையுமாக ஆடுகிற கிளாம் ராக்கை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள். அதனால் நல்ல தொடக்கம்தான். நியூயார்க்கில் சில நாள் ஆடி முடித்த கையோடு மேக்கு மஞ்சள் காமாலை கண்டு, பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள். அடுத்த வருடம் சொந்தப் பெயரில் போனார்கள். மெர்குரியின் குரல்வளையில் கோளாறு, பல ஊர்க் கச்சேரிகள் ரத்து. இரண்டு பயணம், இரண்டும் அரைகுறை. அதையும் தாண்டி 'கில்லர் குயின்' 12ஆவது இடம் பிடித்தது.

இந்த ஆரம்ப அமெரிக்க ரசிகர்கள் யார் என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் ஹார்ட் ராக் கேட்கிறவர்கள். லெட் செப்பெலினுக்கு அடுத்தது யார் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள். மே தன் அப்பாவோடு சேர்ந்து பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் செய்த கிட்டார், அதை ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிற விதம், ஒரே கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு வாத்தியக்குழு மாதிரி ஒலிக்கவைப்பது, இதில்தான் அவர்கள் மயங்கினார்கள். ஆல்பம் உறைகளில் 'இதில் சிந்தசைசர் இல்லை' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரி ரசிகர்களுக்கு ஒரு கௌரவம். என் குழு மின்சாரப் பொம்மை வைத்து ஏமாற்றுவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மெர்குரியின் ஆடம்பரத்தை அவர்கள் இந்தக் கிட்டாரோடு சேர்த்துத்தான் வாங்கினார்கள். சேர்த்து வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்த சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

விமர்சகர்கள் வேறு உலகம். 1978இல் 'ஜாஸ்' ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் டேவ் மார்ஷ் இவர்களை முதல் அசல் ஃபாசிச ராக் குழுவாக இருக்கலாம் என்றே எழுதினார். அதே குளிர்காலத்தில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிறைந்திருந்தது. விமர்சகர் திட்டத் திட்ட ரசிகர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். அதனால் 1978 வரை அமெரிக்கா அவர்களைக் கைவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

#4 டிரம்மர்_பொண்ணு

1977ஐ விட்டுவிட்டீர்களே அண்ணா! 'வீ வில் ராக் யூ' இல்லாமல் அமெரிக்கா பற்றிப் பேச முடியுமா?

அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. மரப்பலகைமேல் காலை மிதித்துக் கை தட்டி, அதையே திரும்பத் திரும்பப் பதிந்து, கொஞ்சம் கொஞ்சம் தள்ளிவைத்துப் பெரிய கூட்டமாக ஒலிக்கவைத்தார்கள். இங்கிலாந்தில் ஒரு கச்சேரி முடிந்ததும் கூட்டம் தானாகவே பாட ஆரம்பித்துவிட்டது, அதைக் கேட்டுத்தான் கூட்டமே சேர்ந்து செய்கிற மாதிரி ஒன்றை எழுதவேண்டும் என்று மேக்குத் தோன்றியது. அமெரிக்காவில் அது 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' தட்டின் மறுபக்கம். வானொலிக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே போட்டார்கள், 4ஆவது இடம். அப்புறம் விளையாட்டு மைதானங்களுக்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், குயினை வாழ்நாளில் கேட்டிராத அமெரிக்கர் கூட அந்தத் தாளத்தை மிதிப்பார். ரசிகர் என்று அவரை எண்ணுவதா வேண்டாமா?

#5 நியூஜெர்சி_தமிழ்

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், 1978லும் 1980லும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குயினைப் பார்த்திருக்கிறார். மதிய உணவு நேரத்தில் அவரைப் பேசவைத்து நிறைய கேட்டிருக்கிறேன்.

அவருக்கு 1978 கச்சேரிதான் கச்சேரி. முடியும்வரை நின்றுகொண்டே பார்த்ததாகச் சொல்வார். 1980 பற்றிக் கேட்டால் முதலில் வருவது மீசை. நீளமுடி போய்விட்டது, ஒட்ட வெட்டிய தலை, அடர்ந்த மீசை. கூட்டத்திலிருந்து சிலர் மேடைக்கு சவர ரேசர்களை எறிந்தார்கள். அந்தப் பயணத்தில் பல ஊர்களில் இது நடந்தது, புத்தகங்களிலும் இருக்கிறது. சிலர் விளையாட்டாக எறிந்தார்கள், சிலர் உண்மையாகவே கோபத்தில் எறிந்தார்கள், எது எது என்று கூட்டத்துக்குள் நின்ற தனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பார்.

கோபத்துக்குக் காரணம் கேட்டேன். அந்த மீசையும் தோல் உடையும் அன்றைய நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ ஓரினச் சேர்க்கையாளர் விடுதிகளின் தோற்றம், இங்கே இருந்தவர்களுக்கு அது உடனே புரிந்தது என்றார். 1974இன் நகப்பூச்சையும் பட்டையும் மேடை வேடம் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. 1980இன் தோற்றம் மேடைக்கு வெளியே தெருவில் நடமாடிய தோற்றம். வேடமாக இருந்தவரை கைதட்டினார்கள், ஆள் தெரிய ஆரம்பித்ததும் சிலருக்கு நெளிந்தது. மெர்குரி அதைப் பற்றி எதுவும் வெளிப்படையாகச் சொன்னவரில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

ஆனால் ஒன்று. ரேசர் எறிந்த அதே பயணத்தில் அரங்குகள் நிறைந்தன. லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரத்தில் மட்டும் நாலு இரவு.

#6 பாஸ்_பித்து

1980 என்றால் நான் வந்தே ஆகவேண்டும். 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'.

டீக்கன் ஷீக் என்ற அமெரிக்க டிஸ்கோ குழுவின் பதிவுக்கூடத்துக்குப் போய் வந்தவர். அந்தக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பாஸ் வாசிப்பு அவர் கைக்குள் இறங்கியிருப்பது முதல் வினாடியிலேயே கேட்கும். மூன்று அடி ஒரே சுரத்தில், அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பாட்டே இருக்கிறது. அதை நிரப்ப யாரும் முயலவில்லை. கிட்டார் ஓரமாக நின்று கீறிவிட்டுப் போகிறது. குயின் பாட்டில் மேயின் கிட்டார் ஓரமாக நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பழைய ரசிகர்களுக்குத்தான் தெரியும்.

குழுவுக்கே இதைத் தனித்தட்டாக விட யோசனை இல்லை. மைக்கேல் ஜாக்சன் கச்சேரிக்கு வந்து, இதை வெளியிடுங்கள் என்று சொன்னார். அதற்குள் கருப்பின நேயர்களுக்கான வானொலிகள் ஆல்பத்திலிருந்தே எடுத்துப் போட ஆரம்பித்திருந்தன. பாடுவது கருப்பினக் குழு என்றே பலர் நினைத்தார்கள். பொதுப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம், கருப்பின இசைக்கான சோல் பட்டியலில் இரண்டாம் இடம். லண்டனிலிருந்து வந்த ஒரு வெள்ளை ராக் குழு சோல் பட்டியலில் இரண்டாம் இடம்! அதுவரை குயின் தட்டு நுழைந்திராத வீடுகளுக்குள் அது போயிற்று. அமெரிக்க ரசிகர்கள் என்றாலே நீளமுடி வெள்ளைப் பையன்களை மட்டும் மனதில் வைத்துப் பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

#7 மேடை_ஒளி

> அதுவரை குயின் தட்டு நுழைந்திராத வீடுகளுக்குள் அது போயிற்று

ஒத்துக்கொள்கிறேன் பாஸ்_பித்து. ஆனால் அந்த வெற்றியே பழைய ரசிகர்களைக் கசக்கவைத்தது. அதற்கு முந்தின வருடம், 1979 ஜூலை 12, சிகாகோ காமிஸ்கி பார்க் மைதானத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஸ்டீவ் டால் என்ற ராக் வானொலிக்காரர் ஏற்பாட்டில் டிஸ்கோ நடன இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டமே நடக்கவில்லை. அந்தக் கூட்டமும் குயின் அரங்குகளை நிரப்பிய கூட்டமும் ஒரே வயது, ஒரே வானொலி. டிஸ்கோ மேல் இருந்த அந்த வெறுப்பில் கருப்பினத்தவர், ஓரினச் சேர்க்கையாளர் மேல் இருந்த வெறுப்பும் கலந்திருந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பதின்மூன்று மாதம் கழித்து, மீசை வைத்த மெர்குரி, நடன தாளத்தில் ஒரு பாட்டு. இரண்டும் சேர்ந்தே அவர்கள் கண்ணில் பட்டது.

#8 கோரஸ்

எல்லாரும் ஆடம்பரமும் வேடமும்தான் பிரச்சினை என்கிற பக்கமே போகிறீர்கள். நான் மறுக்கிறேன்.

எல்டன் ஜான் 1975இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் மைதானத்தில் ஜிகினா தைத்த பேஸ்பால் சீருடையில் இரண்டு நாள் வாசித்தார். அமெரிக்கா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கிஸ் குழு முகம் முழுக்கச் சாயம் பூசி நெருப்பைக் கக்கினார்கள், அவர்கள் அமெரிக்கர்களே. அப்புறம் மேடை_ஒளி கொடுத்த அந்த 1984ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் எது? கல்ச்சர் கிளப்பின் 'கார்மா கமீலியன்'. பாய் ஜார்ஜ் பின்னல் ஜடையும் உதட்டுச்சாயமுமாகப் பாட்டு வீடியோ சேனலான எம்டிவியில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார். அதே நாடு, அதே வருடம், பெண் சாயல் உடையில் வந்த ஓர் ஆங்கிலேயருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறது. குயினுக்கு மட்டும் பாவாடை எப்படிக் குற்றமாயிற்று?

எல்டன் விஷயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1976இல் தான் இருபால் ஈர்ப்பு உள்ளவர் என்று ரோலிங் ஸ்டோன் பேட்டியில் சொன்னார். அதன்பின் அவருடைய அமெரிக்க விற்பனை இறங்கியது. அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நியூஜெர்சி_தமிழ் சொன்னது அங்கே பொருந்துகிறது. ஜிகினாவுக்குக் கைதட்டுகிறவர் எல்லாம் ஆளை ஏற்றுக்கொண்டவர் ஆகமாட்டார்.

#9 இசைத்தட்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன். கோரஸ் கேட்டதற்கு என் பதில்: கல்ச்சர் கிளப் ரசிகர் வேறு வானொலி கேட்கிறவர்.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பிபிசி ரேடியோ 1 ஒன்றுதான் தேசம் முழுக்க ஒலித்த பாப் வானொலி. வியாழக்கிழமை சாயங்காலம் 'டாப் ஆஃப் த பாப்ஸ்'. ஹார்ட் ராக், டிஸ்கோ, ரெக்கே, குழந்தைப் பாட்டு எல்லாம் அடுத்தடுத்து ஒரே இடத்தில் வரும். ஒரு குழு இந்த மாதம் கிட்டார், அடுத்த மாதம் நடன தாளம் என்று மாறினால் ரசிகர் எங்கேயும் போக வேண்டியதில்லை. அவர் இருக்கிற இடத்துக்கே பாட்டு வரும்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒரு வகைக்கு. எழுபதுகளின் கடைசியில் எஃப்எம் ஆல்பம் ராக் நிலையங்கள் தங்கள் எல்லையை இன்னும் இறுக்கிக்கொண்டன. நேயர் அந்த நிலையத்தின் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு திரிவார். அவருக்கு அது அடையாளம். குயின் அந்த எல்லையை 1980இல் தாண்டினார்கள், தாண்டினபோது இரண்டு பக்கமும் ரசிகர்கள் இருந்தார்கள். 1982இல் 'ஹாட் ஸ்பேஸ்' வந்தபோது ராக் நிலையம் இது எங்களுடையது இல்லை என்றது. கருப்பின நேயர்களின் நிலையங்களும் இவர்களைத் தம்முடையவர்களாகச் சேர்த்துக்கொண்டிருக்கவில்லை, அந்த பாஸ் மெட்டு ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆல்பத்தின் 'பாடி லாங்குவேஜ்' 11ஆவது இடம் வரை போனதே பெரிது. அதன் வீடியோவையும் எம்டிவி போட மறுத்தது.

ஆக 1984இல் அந்த வீடியோ வரும்போது அமெரிக்காவில் குயினுக்காக வாதாட ஒரு நிலையம் கூட இல்லை. பாய் ஜார்ஜுக்கு இருந்தது. என் கணக்கில் வேறுபாடு அதுதான்.

#10 பழைய_ரெக்கார்டு

அழகாகச் சொன்னீர்கள். ஆனாலும் எனக்கு ஒரு இடறல் இருக்கிறது.

குயின் முதல் நாளிலிருந்தே வகை தாண்டினவர்கள். 'எ நைட் அட் தி ஆப்பரா'வில் பழைய நாடகக்கொட்டகைப் பாட்டு இருக்கிறது, நாட்டுப்புறச் சாயல் இருக்கிறது, 'போஹீமியன் ராப்ஸடி' நடுவில் ஆப்பரா இருக்கிறது. அது அமெரிக்காவில் 9ஆவது இடம் போனது. 1980இல் முதலிடம் போன இன்னொரு பாட்டு, 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்', ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல். மியூனிக் ஹோட்டலில் குளியல் தொட்டியில் இருந்தபடி மெர்குரி எழுதினது. அமெரிக்கக் கம்பெனி அதை உடனே வெளியிடக்கூட இல்லை, வானொலிக்காரர்கள் இங்கிலாந்துத் தட்டை வரவழைத்துப் போட்டுத்தான் அது வெளிவந்தது. அதாவது நீங்கள் குறை சொல்கிற அதே அமெரிக்க வானொலி, கம்பெனியை மீறி ஒரு பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனது.

அதனால் வகை மாறினதால் மட்டும் கைவிட்டார்கள் என்பது எனக்குப் போதவில்லை. நான் முன்னால் சொன்னதற்கே வருகிறேன். கிட்டார் இருக்கிறவரை எந்த வகைக்குப் போனாலும் கூடவே வந்தார்கள். 'ஹாட் ஸ்பேஸ்' முதல் பக்கத்தைப் போட்டுக் கேளுங்கள். 'ஸ்டேயிங் பவர்' பாட்டில் டிரம் மெஷின், பாஸ் சிந்தசைசரில், ஆரிஃப் மார்டின் ஏற்பாடு செய்த பித்தளை வாத்தியங்கள். மே எங்கே? உறையில் 'சிந்தசைசர் இல்லை' என்று பெருமையாகப் படித்து வளர்ந்த பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவனுக்குத் துரோகம் என்று தோன்றியிருந்தால் நான் அவனைப் பழிக்க மாட்டேன்.

#11 நியூஜெர்சி_தமிழ்

நான் சொன்ன அந்த நண்பர் 1982 பயணத்துக்குப் போகவே இல்லை. ஆல்பத்தை வாங்கி, முதல் பக்கம் முடியுமுன் ஊசியை எடுத்துவிட்டாராம். டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது, நண்பர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. மெர்குரி இறந்த பிறகு அது அவருக்குப் பெரிய வருத்தம். அவர் போகாததற்குப் பாவாடையும் காரணமில்லை, மீசையும் காரணமில்லை. பழைய_ரெக்கார்டு சொல்கிற அந்தக் கிட்டார்தான்.

ஆனால் அவரோடு 1980 கச்சேரிக்குப் போன இன்னொருவர் மீசையைச் சொல்லித்தான் விட்டாராம். ஒரே வரிசையில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு இரண்டு காரணம்.

#12 பாஸ்_பித்து

'ஹாட் ஸ்பேஸ்' மேல் எல்லாரும் கல்லெறிவது எனக்கு வலிக்கிறது. துணிச்சலான ஆல்பம். மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' கொண்டுவந்தது அதே வருடக் கடைசியில். ராக் கிட்டாரை நடன இசைக்குள் கொண்டுவந்து அவர் உலகத்தை ஜெயித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பாலத்தில் நடந்துவந்த குயினுக்கு அடிதான் கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1984 அக்டோபரில் குயின் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய் ஆடினார்கள். நிறவெறி அரசு இருந்த காலம், கலைஞர்கள் போகக்கூடாது என்ற கலாச்சாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. ஐ.நா. பட்டியலில் பெயர் ஏறியது. 1980இல் அந்த பாஸ் மெட்டைக் கொண்டாடின கருப்பின நேயரிடம் திரும்பப் போய்ப் பாடுவதற்கு அவர்களுக்கு அதற்கப்புறம் என்ன முகம் இருந்தது? எனக்கு உயிரான குழு, ஆனாலும் இது தப்பு.

#13 மேடை_ஒளி

சன் சிட்டி பற்றிச் சொன்னது சரி.

நான் ரசிகர்கள் பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். 1982க்குப் பிறகு குயின் அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. முன்பு நிரப்பின அரங்குகளை விடச் சின்ன அரங்குகளில் ஆட மெர்குரிக்கு மனமில்லை, ஒரு பெரிய பாட்டு வரட்டும், அப்போது மைதானங்களுக்கே திரும்பிப் போகலாம் என்று காத்திருந்தார் என்கிற பொருளில் மே பேசியிருக்கிறார். அந்தப் பாட்டு வரவில்லை. 1985 ஜூலை 13 லைவ் எய்டு நிதி திரட்டும் கச்சேரியில் லண்டன் வெம்பிளியைக் கட்டிப்போட்டார்கள், 1986இல் ஐரோப்பாவில் பிரம்மாண்டமான பயணம். அமெரிக்காவில் மிச்சமிருந்த ரசிகர்கள் ஒவ்வொரு வருடமும் எதிர்பார்த்து ஏமாந்தார்கள்.

அமெரிக்கா குயினைக் கைவிட்டது என்றே பேசுகிறோம். அந்த மிச்ச ரசிகர்கள் பார்வையில் குயின்தான் அவர்களைக் கைவிட்டார்கள். 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்' இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் 46. அந்த 46ஆவது இடத்துக்கு வாங்கினவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக ஐயாயிரம் பேர் அரங்கில் வந்து ஆடியிருக்கலாம். ஆடியிருக்க வேண்டும்.

#14 புதுச்சுருதி

வணக்கம். இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன். இரண்டு கேள்விகள். 2003இல் தி டார்க்னஸ் என்ற ஆங்கில ராக் குழு வந்தபோது அமெரிக்காவில் இதே மாதிரி வரவேற்பும் வெறுப்பும் கலந்து வந்தது என்று கேள்விப்பட்டேன், அது ஒரே மாதிரிதானா? அப்புறம், இந்த 1980-82 காலக் கச்சேரிகளைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

#15 கோரஸ்

வாருங்கள் புதுச்சுருதி.

டார்க்னஸ் விஷயம் வேறு மாதிரி. அவர்கள் பாடகர் ஜஸ்டின் ஹாக்கின்ஸ் உடலோடு ஒட்டிய உடையில் உச்சக்குரலில் பாடியபோது அமெரிக்கர்கள் கேட்டது ஒரே கேள்வி: இவர்கள் நிஜமாகத்தான் செய்கிறார்களா, கிண்டலா? 'பெர்மிஷன் டு லேண்ட்' இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் 36. குயினிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர்களைப் பிடிக்காதவர்கள் கூட அவர்கள் மனப்பூர்வமாகச் செய்கிறார்கள் என்பதைச் சந்தேகப்படவில்லை. டார்க்னஸ் அதை நேசித்துத்தான் செய்தார்கள், எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

#16 டிரம்மர்_பொண்ணு

எல்லாரும் 1984இலேயே நின்றுவிட்டீர்கள். 1991 நவம்பர் 24 மெர்குரி மறைந்தார். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 1992 பிப்ரவரியில் 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' படம். காருக்குள் ஐந்து பேர் 'போஹீமியன் ராப்ஸடி' கேட்டு, கிட்டார் வெடிக்கிற இடத்தில் ஒன்றாகத் தலையை ஆட்டுகிற காட்சி. பாட்டு அமெரிக்காவில் 2ஆவது இடம் போனது, 1976இல் போனதை விட மேலே!

பழைய_ரெக்கார்டு அண்ணா, அந்தக் காட்சியில் அவர்கள் தலையாட்டுவது உங்கள் கிட்டாருக்குத்தான். ஆப்பரா பகுதியை ஆளுக்கொரு குரலில் பாடிவிட்டு அந்தக் கிட்டாருக்காகத்தான் காத்திருக்கிறார்கள். சேர்த்து வாங்கினார்கள் என்று நீங்கள் எழுதினதை அதற்கு மேல் தெளிவாகக் காட்ட முடியாது.

#17 பழைய_ரெக்கார்டு

உண்மை. அந்தக் காட்சியை நான் யோசிக்கவே இல்லை.

புதுச்சுருதி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு. முதலில் மான்ட்ரியல், 1981 நவம்பர். கனடாதான், ஆனாலும் வட அமெரிக்க அரங்கு ஒன்றில் அந்தக் காலக் குயின் எப்படி இருந்தார்கள் என்று படமாகவும் ஒலியாகவும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

அதற்கு அடுத்து மில்டன் கீன்ஸ், 1982 ஜூன் 5. இது இங்கிலாந்து. 'ஸ்டேயிங் பவர்' தொடங்குமுன் மெர்குரி கூட்டத்திடம் பேசுவதைக் கவனியுங்கள். புதுப் பாட்டுகளின் ஒலி வேறு மாதிரி இருப்பதால் நாங்கள் ராக்கை விட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை, இது ஒரு ரெக்கார்டு, அவ்வளவுதான், ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்கிற தொனியில் கொஞ்சம் சூடாகவே சொல்கிறார். சொந்த ஊர் ரசிகர்களும் அதே ஆல்பத்துக்கு அதே மாதிரி முணுமுணுத்திருக்கிறார்கள். இசைத்தட்டு, இது உங்கள் வானொலிக் கணக்குக்கு உதவும் என்று நினைக்கிறேன், எனக்கும் உதவும்.

பேசி முடித்ததும் பாட்டு ஆரம்பிக்கும். டிரம் மெஷின் கிடையாது, டெய்லர் கையால் அடிக்கிறார். டீக்கன் பாஸை வைத்துவிட்டு ரிதம் கிட்டார் எடுத்துக்கொள்கிறார். மே இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். தட்டில் கேட்டதை விடப் பல மடங்கு முரட்டுத்தனமான பாட்டு. 1982இல் அமெரிக்காவில் டிக்கெட் வாங்காதவர்கள் தவறவிட்டது இந்த வடிவத்தைத்தான். நியூஜெர்சி_தமிழ், முடிந்தால் உங்கள் நண்பருக்கு இந்தப் பதிவை அனுப்பிவைத்து, அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.